தூங்கும் கெஸ்ட்டை எழுப்பக்கூடாது

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அம்மாவுக்கு விளக்குவதை நிறுத்திவிட்டேன். ஸ்பா என்றேன், புரியவில்லை. வாசனை எண்ணெய் மசாஜ் என்றேன். உடனே போனில், "பெத்தவளுக்கு ஒரு நாள் கால் பிடிச்சு விட்டிருக்கியாடி? யார் யாருக்கோ பிடிச்சு விட பிளேன் ஏறிப் போயிருக்கே" என்றாள். பின்னாலிருந்து அக்கா வீட்டுக்காரரின் குரல் கேட்டது.

"யார் காலைப் பிடிச்சாவது வேலையை நிரந்தரமாக்கிக்கச் சொல்லுங்க அத்தை. இல்லன்னா நம்ம கடைக் கல்லாவுல உட்கார ஆளில்லாமத்தான் கிடக்கு."

அத்தானுக்கு டயர் கடை. அந்த ரப்பர் வாடையைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், நாள் முழுக்க அவருடைய நக்கலைத் தாங்க முடியாது. ஆனால் எனக்கு இன்னும் பயிற்சிக் காலம்தான். மாதம் முடிவதற்குள் மேனேஜர் மேடம் என் கையால் ஒரு முழு மசாஜ் எடுத்துப் பார்த்து, 'தேறிவிட்டாள்' என்று மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஊருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஒரு செலவுக்கு மட்டும் யோசிக்கவே மாட்டார்களாம்.

எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. அதனால் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே சுற்றினேன். வந்தவரிடம் அலர்ஜி உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்க வேண்டும். எண்ணெய்களை ஒவ்வொன்றாக முகரக் கொடுத்து, அவர் எதற்குக் கண்ணை மூடுகிறாரோ அதை எடுக்க வேண்டும். அதில் சில சொட்டு பாதாம் எண்ணெயில் கலந்து, உள்ளங்கையில் சூடாக்கி, பிறகுதான் உடம்பில் கை வைக்க வேண்டும். வைத்த கையை எடுக்கவே கூடாது. எண்ணெய் வேண்டுமென்றால் ஒரு கை முதுகிலேயே இருக்க, மறு கைதான் பாட்டிலுக்குப் போகும். முதலில் முதுகு, பிறகு கால்களின் பின்பக்கம். துண்டைத் தூக்கிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மெதுவா மல்லாந்து படுங்க" என்று சொல்ல வேண்டும். அப்புறம் பாதம், கை, கடைசியில் தலை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: தூங்கும் கெஸ்ட்டை எழுப்பக்கூடாது. எங்கள் கடையில் வாடிக்கையாளர் என்ற சொல்லே கிடையாது, வருகிற எல்லோரும் கெஸ்ட்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், கூட்டம் இல்லாத நேரம், மேடம் வந்தார். இரண்டு போன், இரண்டும் அதிர்ந்துகொண்டே இருக்கும். எங்கள் ஸ்பாவில் யாரும் சத்தம் போட்டுப் பேசக்கூடாது என்பதால் அவர் திட்டுவதும் கிசுகிசுப்பாகத்தான் இருக்கும். காதோரம் வந்து ரகசியம் போலத் திட்டு வாங்கினால்தான் அதன் ருசி தெரியும். போன்களை வெளியே கொடுத்துவிட்டு, லாவெண்டரை முகர்ந்து தலையாட்டி, குப்புறப் படுத்து, மூச்சு விடுவதற்காக மசாஜ் மேஜையில் விட்டிருக்கும் ஓட்டைக்குள் முகத்தை வைத்தார். ஓட்டைக்குக் கீழிருந்து குரல் வந்தது.

"இப்ப நான் மேனேஜர் இல்ல. சாதாரண கெஸ்ட். அப்படியே நினைச்சுக்கோ."

"சரிங்க மேடம்."

"கெஸ்ட்டை மேடம்னு கூப்பிடலாம். ஆனா என்னைக் கூப்பிடுற மாதிரி கூப்பிடாதே."

அதற்கு எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே தோளிலிருந்து இடுப்பு வரை நீளமாக இழுத்தேன். தோள் இரண்டும் பலகை. கழுத்தடியில் முடிச்சு முடிச்சாக இருந்தது. கட்டை விரலால் மெல்ல அழுத்தி அவிழ்க்க அவிழ்க்க, ஓட்டைக்குக் கீழே ஒரு சத்தம் கேட்டது. ஏசியில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். இல்லை, குறட்டை.

இதுவும் பரீட்சையின் ஒரு பகுதியோ என்று சந்தேகம் வந்தது. தூங்குகிற மாதிரி நடித்து, நான் எழுப்புகிறேனா என்று பார்க்கிறாரோ? நான் எழுப்பவில்லை, கால்களின் பின்பக்கத்தையும் முடித்தேன். ஆனால் எழுப்பாமல் மல்லாந்து படுக்க வைப்பது எப்படி? ஆகவே மறுபடி முதுகு. அது முடிந்ததும் மறுபடி முதுகு. கடைசியில் நேரம் முடிந்து, விதிப்படி சின்ன மணியை அடித்தபோது மேடம் எழுந்து உட்கார்ந்தார். முகத்தைச் சுற்றி ஓட்டையின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது. தண்ணீரைக் குடித்தார். தொண்டையைச் செருமினார்.

"ம்ம். பாதத்துல அழுத்தம் பத்தல. தலைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் குடுத்திருக்கலாம். அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்பப் பார்க்கலாம்."

நான் பாதத்தைத் தொடவே இல்லை. தலை இருந்த பக்கமே போகவில்லை.

எங்களில் மூத்தவள் பஞ்சு அக்கா. கை அவ்வளவு மெத்தென்று இருக்கும், அதனால் அந்தப் பெயர். வாய் மட்டும் முள். துண்டு மடிக்கும் அறையில் அவளிடம் நடந்ததைச் சொன்னேன்.

"தலையைத் தொடவே இல்லையா? அப்ப சரியாத்தானே சொல்லிருக்காங்க, நேரம் பத்தலைன்னு."

"அக்கா, விளையாடாதீங்க. நீங்க தூங்கிட்டீங்க மேடம்னு சொல்லிடவா?"

பஞ்சு அக்கா சுவரைக் காட்டினாள். வேலை நேரத்தில் தூங்கினால் வேலை போகும் என்று ஒரு அறிவிப்பு. கீழே மேடத்தின் கையெழுத்து.

"சொல்லு. நீ ஊருக்குப் போக டெஸ்ட்டே தேவைப்படாது" என்றாள்.

அடுத்த செவ்வாயும் அதேதான். அதற்கடுத்த முறை மேடம் வீட்டிலிருந்து காலுறை கொண்டு வந்து, போட்டுக்கொண்டே படுத்தார். "ஏசி குளிருது" என்றார். பிறகு எழுந்து, கால்விரல்களுக்கு நடுவே எண்ணெய் சரியாகப் போகவில்லை என்று குறை சொன்னார். காலுறையைக் கழற்றியபடியே சொன்னார்.

இதற்குள் கடையில் ஒரு மாற்றம் வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேடம் யாரையும் திட்டுவதில்லை. யாரோ துணிந்து லீவு கேட்டிருக்கிறார்கள், "போயிட்டு வாம்மா" என்றிருக்கிறார். அவ்வளவுதான். லீவு, ஷிஃப்ட் மாற்றம், ரூம் மாற்றம் எல்லாம் செவ்வாய்க்கு ஒத்திவைக்கப்பட்டன. என் பரீட்சை முடிகிற நேரத்துக்கு வராந்தாவில் சின்ன வரிசையே நின்றது.

"தங்கம்," என்றாள் பஞ்சு அக்கா. அவள் என்னைத் தங்கம் என்று கூப்பிட்டதே கிடையாது. "அவசரப்பட்டுப் பாஸாகிடாதேடி. அடுத்த வாரம் நான் நீண்ட லீவு கேக்கணும்."

"அடுத்த வாரத்தோட எனக்கு மாசம் முடியுது அக்கா. நான் போயிட்டா மேடத்தை யார் தூங்க வைப்பாங்க?"

"அது சரி" என்று யோசித்தாள். "போறதுக்கு முன்னாடி அந்தக் கழுத்தடி வித்தையை எனக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போ."

அன்றைக்கு அம்மாவிடம் அழுதுவிட்டேன். நான் நன்றாகச் செய்கிறேன், அவர் தூங்கிவிடுகிறார், தூங்கியதால் பார்க்கவில்லை, பார்க்காததால் தேறியதாகச் சொல்லவில்லை, தூங்கினீர்கள் என்று சொன்னால் என் வேலை போகும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்:

"அப்ப நல்லா செய்யாதே."

"அம்மா!"

"என்ன அம்மா? உன் முகத்தைப் பார்த்துட்டு இருந்தா தூக்கம் வருமா யாருக்காவது? அது மாதிரி செய்."

கடைசிச் செவ்வாய். மேடம் லாவெண்டர் பாட்டிலை நோக்கிக் கை நீட்டினார். நான் அதைத் தள்ளி வைத்தேன்.

"இன்னிக்கு உங்க உடம்புக்குப் பெப்பர்மின்ட்டும் ரோஸ்மேரியும்தான் மேடம் ஒத்து வரும். அசதி தெரியுது."

இரண்டும் தூக்கத்தை விரட்டும் எண்ணெய். கெஸ்ட்டின் நிலை பார்த்து எண்ணெய் சிபாரிசு செய்வதற்குத் தனி மதிப்பெண் உண்டு. அந்த விதியைக் கொண்டு வந்தவரே அவர்தான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? முகத்தைச் சுளித்துக்கொண்டு படுத்தார்.

எண்ணெயை உள்ளங்கையில் சூடாக்கவில்லை. ஜில்லென்று அப்படியே வைத்தேன். மேடம் ஒரு குதி குதித்தார். கழுத்தடி முடிச்சுகள் பக்கமே போகவில்லை. தோளில் கொஞ்சம், இடுப்பில் கொஞ்சம், எங்கேயும் நிலையாக நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தேன். நடுநடுவே கேள்வி.

"அழுத்தம் சரியா இருக்கா மேடம்?"

"சரி."

"இப்ப?"

"சரி."

"இந்தப் பக்கம் மேடம்?"

"ஏய், மனுஷியைத் தூங்க விடமாட்டியா நீ!"

அந்த அறையில் யாரும் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஸ்பீக்கரில் எப்போதும் ஓடும் நீரோடை இசை மட்டும் தன் பாட்டுக்கு ஓடியது. என் கை அவர் முதுகில் அப்படியே நின்றது. அப்புறம் ஓட்டைக்குக் கீழிருந்து பழைய கிசுகிசுப்பு.

"அப்படின்னு ஒரு கெஸ்ட் கேட்டா நீ என்ன பதில் சொல்லுவே? அதைத்தான் பார்த்தேன்."

"மன்னிப்புக் கேட்டுட்டு, மெதுவா மல்லாந்து படுங்கன்னு சொல்லுவேன் மேடம்."

துண்டைத் தூக்கிப் பிடித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மேடம் மல்லாந்து படுத்தார். இத்தனை வாரத்தில் முதல் தடவையாக அவருடைய முகத்தை மேலிருந்து பார்த்தேன். கண்ணுக்கடியில் கருப்பாக இரண்டு வளையம். நன்றாகத் தூங்கி ஒரு வாரம் ஆனவரின் கண். போன செவ்வாய்தான் கடைசியாகத் தூங்கியிருப்பார் என்று தோன்றியது. பாவமாக இருந்தது. கழுத்துக்கடியில் ஒரே ஒரு தடவை விரலை வைத்து அழுத்தினால் போதும் என்று கை துடித்தது. வைக்கவில்லை. பாதம், கை, தலை, எதையும் விடாமல், எதிலும் மனசு வைக்காமல் செய்து முடித்து மணியை அடித்தேன். அடிக்கத் தேவையே இல்லை. கூரையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

எழுந்து உட்கார்ந்தார். தண்ணீரைத் தொடவில்லை.

"எல்லாம் வரிசையா இருந்துச்சு. ஒண்ணும் விடல. இன்னிக்குத்தான் முழுசா செஞ்சிருக்கே." என்னை நிமிர்ந்து பார்த்தார். 'இன்னிக்குத்தான்' என்று அவர் சொன்னதை நானும் கேட்டேன், நான் கேட்டதை அவரும் பார்த்தார். "தேறிட்டே. மேலிடத்துக்கு இப்பவே சொல்லிடுறேன்."

"ரொம்ப நன்றி மேடம்."

"நன்றியெல்லாம் இருக்கட்டும். நாளையிலிருந்து எண்ணெயைச் சூடு பண்ணாம எந்த கெஸ்ட் மேலயாவது வெச்சே, நான் சும்மா இருக்க மாட்டேன்."

கதவைத் திறந்துகொண்டு போனார். வராந்தாவில் வரிசை தயாராக இருந்தது, முதலில் பஞ்சு அக்கா, பல் தெரியச் சிரித்தபடி. மேடம் அவள் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பஞ்சு அக்காவின் சிரிப்பு மட்டும் மெல்ல மெல்ல அணைவது தெரிந்தது. பின்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் திடீரென்று எங்கெங்கோ வேலை இருந்தது.

பஞ்சு அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். பெப்பர்மின்ட் நெடி இன்னும் கண்ணைக் கரித்துக்கொண்டிருந்தது.

"பாஸாகிட்டியாடி, பாவி?"

"ஆகிட்டேன் அக்கா" என்றேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

"நல்லா இரு" என்று சொல்லிவிட்டு, அழுக்குத் துண்டு மொத்தத்தையும் என் கையில் போட்டுவிட்டுப் போனாள்.