யமுனா வாயில் வராத பேர்

யமுனாவின் புருஷன் பேர் சத்தியவேடு ஊருக்கே தெரியும். அவள் வாயில் மட்டும் வராது. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கணக்கு. ரேஷன் கடையில் பேர் கேட்டால் பக்கத்தில் நிற்பவளை ஜாடை காட்டுவாள், அவள் சொல்லுவாள். இப்படியே குடும்பம் நடந்தது.

மாமியார் கிருஷ்ணம்மாவின் பாடு இன்னும் மோசம். பிள்ளைக்குத் தாத்தா பேரை வைத்துவிட்டார்கள். மாமனார் பேரை மருமகள் சொல்லலாமா? பெற்ற பிள்ளையையே அவள் சிட்டிபாபு என்றுதான் கூப்பிட்டாள். இவ்வளவு பத்திரப்படுத்திய பேரைப் பாஸ்போர்ட்டில் ஏற்றிக்கொண்டு அவன் மஸ்கட்டுக்குக் கிரேன் ஓட்டப் போய்விட்டான்.

தனியார் விமானங்கள் பறக்க ஆரம்பித்த காலம் அது. திருப்பதி பஸ் ஸ்டாண்டு எதிரே நாகபூஷணம் டிராவல்ஸ் திறந்தார். யமுனாவுக்கு அங்கே போன் வேலை. பயணி பேரை மெட்ராஸ் விமான ஆபீசுக்கு எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டும். எழுத்துக்கு ஒரு சொல்: ஆல்ஃபா, பிராவோ, சார்லி. பைலட்டுகள் ரேடியோவில் பேசுகிற வரிசை. எவ்வளவு இரைச்சலிலும் பிசகாது. அதை மனப்பாடம் செய்த அன்று அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நாகபூஷணம் வேலைமேல் உள்ள ஆசை என்று நினைத்துக்கொண்டார். அவளோ பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் காரியமாகப் புருஷன் பேரைச் சொல்லிப் பார்த்தாள். சியரா, எக்கோ, நவம்பர், கோல்ஃப் என்று கடைசி எழுத்துவரை. அவன் ஆயுசில் அரை நிமிஷம்கூடக் குறைந்திருக்காது.

மூன்று வருஷம் கழித்து அவனுக்கு லீவு கிடைத்தது. விமானத்தில் சீட்டுதான் உறுதியாகவில்லை. அன்று மத்தியானத்துக்குள் கிடைக்காவிட்டால் லீவு இன்னொருத்தனுக்குப் போய்விடும். வீட்டில் குழந்தை காலண்டர் முருகனைப் பார்த்து நைனா என்கிறது. கிருஷ்ணம்மா பஸ் ஏறி ஆபீசுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

நாகபூஷணம் ரேணிகுண்டா ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தார். யமுனா மெட்ராசுக்குப் போன் போட்டாள். வழக்கமாக எடுப்பவர் சாப்பிடப் போயிருந்தார். எடுத்தது யாரோ புது ஆசாமி.

“ஒரே ஒரு சீட்டு காலியாயிருக்கு மேடம். பேரு?”

“சியரா, எக்கோ, நவம்பர், கோல்ஃப்…”

“எனக்கு அதெல்லாம் தெரியாது மேடம், நேத்துதான் வேலைக்குச் சேர்ந்தேன். எழுத்தெல்லாம் அப்புறம். முழுப் பேரைச் சொல்லுங்க, வெயிட்டிங் லிஸ்டுல தேடணும்.”

யமுனா ரிசீவரைக் கையால் பொத்தினாள். “அத்தை, நீங்க சொல்லுங்களேன்.”

“அய்யய்யோ! எங்க மாமனார் பேரு அது!”

வாசலில் திருமலைக்குப் போகிற ஜனம் ஆயிரம். ஒருத்தருக்கும் அவள் புருஷன் பேர் தெரியாது. எழுதிக் கொடுத்து யாரையாவது படிக்கச் சொல்லலாம் என்று எழுந்தாள். போன் வயர் வாசல்வரை எட்டவில்லை.

“மேடம், இருக்கீங்களா? அடுத்தவங்களுக்குக் குடுத்துடட்டுமா?”

யமுனாவுக்குக் கண் தளும்பிவிட்டது. “சீட்டு போவுது அத்தை. நான் சொல்லி அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா?”

கிருஷ்ணம்மா பொட்டில்லாத நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். “எங்க மாமனார் பேரை நான் ஒரு தபா சொன்னதில்ல. உங்க மாமனார் பேரையும் சொன்னதில்ல. ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க. வாய் நெறயக் கூப்ட்டாவது இருக்கலாமேன்னு இப்ப நெனச்சிக்கினு இருக்கேன். நீ சொல்லுடி.”

“செங்கல்வராயன்” என்றாள் யமுனா. பயமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

“இருக்கு மேடம். சீட்டு கன்ஃபர்ம்.”

அழுகையும் சிரிப்புமாக அவள் போனை வைக்கப் போனபோது கிருஷ்ணம்மா கை நீட்டினாள். “குடு இப்டி.”

“அவங்க வெச்சிட்டாங்க அத்தை. அந்தப் பக்கம் யாருமில்ல.”

“தெரியும், குடு.”

ரிசீவரை வாங்கி, முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து, “முனிகிருஷ்ணன்” என்று புருஷனைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்திருந்தாள். பிறகு முந்தானையால் துடைத்து மருமகளிடம் கொடுத்தாள்.