மூத்தவள் போட்ட உப்பு

கல்யாணம் பேசும்போது லிஃப்ட் மெக்கானிக் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தான். சமையல் மட்டும் இறந்துபோன மூத்தவள் செய்த மாதிரியே நடக்க வேண்டும். குளித்துவிட்டுத்தான் அடுப்பைத் தொட வேண்டும். காய் அரியும்போது வாயில் சாமி பேர் இருக்க வேண்டும், ஊர்க்கதை கூடாது. கொதிக்கிறதை மோந்து பார்க்கக் கூடாது; ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. சமைத்ததைச் சட்டியோடு சாமிக்கு முன்னால் வைத்து, கதவைச் சாத்திவிட்டுக் கால் மணி நேரம் வெளியே இருக்க வேண்டும். சாமி சாப்பிட்ட பிறகுதான் மனிதர்கள்.

தையல்காரி யோசிக்காமல் சரி என்றாள். பதினெட்டு வருஷமாக அடுத்தவர் உடுப்பைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறவள், நாற்பதைத் தொடப் போகிறவள். வரப்போகிறவனுக்குக் குடி இல்லை, கை நீட்டுகிற பழக்கம் இல்லை. சாமி சாப்பிடக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதெல்லாம் ஒரு குறையா?

வீட்டில் பதினைந்து வயதில் மூத்தவளின் பெண் இருந்தாள். குட்டி என்று கூப்பிட்டார்கள். அவள் தையல்காரியை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

சமையலறையில் மசாலா டப்பாக்கள் இருக்க வேண்டிய அலமாரியில் விரலளவு வெண்கலக் கிருஷ்ணன் நின்றான். அவனுக்குக் கீழே, அடுப்பு மேடையிலேயே சட்டிகளை வரிசையாக வைப்பார்கள். பின்பக்கம் பால்கனிக்கு ஒரு கதவு; படுக்கையறையிலிருந்தும் அந்தப் பால்கனிக்குப் போகலாம். சாமி நேரத்தில் தையல்காரி சமையலறையின் முன்கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து நூற்றெட்டு முறை பேர் சொல்வாள். கணவன் பால்கனியில் வேலைக்குப் போகும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பான். பிரஷ் தேய்கிற சத்தம் கேட்கும்.

முதல் நாளே குழம்பு உப்புக் கரித்தது. கூட்டு அதைவிட மோசம். குட்டி ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். கணவன் மட்டும் முகம் மாறாமல் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டு, "நல்லாயிருக்கு" என்றான். புதுப் பெண்டாட்டி மனம் நோகக் கூடாது என்று சொல்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாவம், தங்கமான மனுஷன்.

மறுநாள் உப்பைப் பாதியாகக் குறைத்தாள். அப்போதும் கரித்தது. அடுத்த நாள் அதிலும் பாதி; அதற்கு மேல் குறைக்கக் கை வரவில்லை. வேறொரு வீடாக இருந்தால் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்தால் விஷயம் முடிந்தது. இங்கே அதற்கு வழியில்லை. துணியை அளக்காமல் வெட்டச் சொன்னால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது அவளுக்கு. மூன்று வாரம் ஆயிற்று. குட்டி பள்ளிக்கூடத்தில் பன்னும் டீயுமாக ஓட்டினாள், கன்னம் ஒட்டிப்போனது.

பிறகு ஒரு நாள் மூத்தவளின் அக்கா போன் செய்தாள். எடுத்தது தையல்காரிதான்.

"பொண்ணு எலும்பும் தோலுமா இருக்காளாமே? இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரேன். நானே கூட்டிட்டுப் போய் வச்சுக்கறேன். அவளும் வரேங்கறா."

போனை வைத்துவிட்டுத் தையல்காரி குட்டியின் அறை வாசல் வரை போய்த் திரும்பினாள். பெற்ற பெண்ணா என்று கேட்டால் இல்லைதான். ஆனால் வந்த ஒரே மாதத்தில் தாயில்லாப் பெண்ணைப் பட்டினி போட்டு விரட்டினாள் என்ற பேர் ஆயுசுக்கும் போகாது. பேர் கிடக்கட்டும். அந்தப் பெண் சாப்பிடாமல் எழுந்து போகிறபோதெல்லாம் அவளும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துகொண்டாள்.

மறுநாள் ஒரு வீம்பில் உப்பே போடாமல் சமைத்தாள். ஒரு கல் கூட விழவில்லை. ஜாடியின் மூடியைத் திருகி மூடி, பூ போட்ட பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைத்தாள். கதவைச் சாத்தினாள், பேர் சொன்னாள், திறந்தாள்.

குழம்பில் உப்பு கச்சிதமாக இருந்தது. கூட்டிலும் அப்படியே. ஜாடியின் பூ அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்குக் கடையில் ஒரு பேண்ட்டின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். முதலாளி கிண்டல் செய்தது கூடக் காதில் விழவில்லை. கணவன் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. சாமி சாப்பிடும்போது எட்டிப் பார்த்தால் பாவம் என்று சொல்லிக் கொடுத்ததே அவன்தான். தவிர, தன் தட்டில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு நல்லாயிருக்கு என்று எவன் சொல்வான்? குட்டி அவள் பக்கத்திலேயே கூடத்தில் பின்னல் போட்டுக்கொண்டிருந்தவள். அப்படியானால் மிச்சம் யார்?

மூத்தவள்தான். வேறு யார்.

முதல் இரண்டு நாள் சமையலறைக்குள் கால் வைக்கவே பயந்தாள். முதுகுக்குப் பின்னால் யாரோ ஈரப் புடவையோடு நிற்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் சிங்க்கும் துடைப்பமும். ஆனால் பயத்தையும் எத்தனை நாள் இடுப்பில் சுமப்பது? உப்பில்லாமல் சமைத்த நாளிலிருந்து குட்டி நாலு வாய் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். எண்ணி நாலே வாய். அதுவே தையல்காரிக்குப் போதும். காய் அரிந்துகொண்டே சாமி பேருக்கு நடுவில் மூத்தவளிடமும் இரண்டு வார்த்தை பேசப் பழகிக்கொண்டாள்.

"அக்கா, இன்னிக்குப் பூசணிக்காய். உப்பு உங்க பாடு. எப்படியாவது பொண்ண இங்கயே இருக்க வைங்க."

சக்களத்தியிடம் இப்படிச் சலுகை கேட்பதை நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் அந்த வீட்டில் அவளோடு மனம்விட்டுப் பேசியது அந்த ஒருத்திதான்.

கடைசி ஞாயிறுக்கு இரண்டு நாள் இருந்தது. பெண் பையை அடுக்கத் தொடங்கிவிட்டாள். மூத்தவளை நேரில் பார்த்துக் காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று தையல்காரி முடிவு செய்தாள். பாவம் வந்தால் வரட்டும். பேர் சொல்கிறதைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து, முன்கதவை விரல் நுழையும் அளவுக்குத் திறந்தாள்.

உள்ளே ஒரு சட்டைக் கை தெரிந்தது. நீல யூனிஃபார்ம். போன வாரம் அவளே தைத்துக் கொடுத்த பொத்தான். அந்தக் கை உப்பை அள்ளிக் குழம்பில் போட்டுக் கிளறியது. அவன் கண்ணை மூடியிருந்தான். பக்கத்தில் நிற்கிற யாரிடமோ சொல்வது போல, "நீ கவலப்படாத. யாருக்கும் தெரியாது. நான் போட்டுடறேன். நீ போய் உக்காரு" என்றான். குரலில் அப்படியொரு பிரியம். அவளிடம் அவன் அந்தக் குரலில் ஒரு நாளும் பேசியதில்லை.

கதவைச் சத்தமில்லாமல் மூடிவிட்டுத் திரும்பினாள். குட்டி பின்னலைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துட்டீங்களா?"

"உனக்குத் தெரியுமா?"

"அம்மாவுக்குத் தலையில கட்டி. கடைசி ஒரு வருஷம் எல்லாம் மறந்து போச்சு. சாமி பேர் மறக்கல, உப்பு மட்டும் மறந்துடும். ருசி பாக்கவும் மாட்டாங்க. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்கன்னு அப்பா பால்கனி வழியா வந்து போடுவார். தன் கைப்பக்குவம்னுதான் அம்மா கடைசி வரைக்கும் நெனச்சாங்க. பெரியம்மாவுக்குக் கூடத் தெரியாது."

"அம்மா போனப்புறம்?"

"அப்பாவே சமைப்பார். உப்பு போடாம வைப்பார், கதவச் சாத்துவார், பால்கனியச் சுத்தி வந்து போடுவார். ரெண்டு வருஷமா." குட்டியின் உதடு கோணியது. "நீங்க வந்தா நிக்கும்னு நெனச்சேன். நிக்கல. அம்மா அங்க இல்ல. ஆனா அப்பா இன்னும் அங்க போய் நிக்கறார். எனக்குப் பயமா இருக்கு. அதான் போறேன். உங்க சமையலுக்காக இல்ல."

தையல்காரிக்கு அழுகை வந்தது. பெண்ணுக்காகவா, அவனுக்காகவா, நாலு நாளாகத் தான் பேசிக்கொண்டிருந்த அக்கா உள்ளே இல்லை என்று தெரிந்ததற்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அன்று மாலை அவன் வந்ததும் சுற்றி வளைக்காமல் கேட்டாள். அவன் மறுக்கவில்லை. தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான் போகலம்மா. கை போகுது."

"அவ்வளவு கரிச்சுதே, உங்களுக்குத் தெரியலையா?"

"அவ போனதுலேருந்து நாக்கு செத்துப் போச்சு. எதத் தின்னாலும் ஒண்ணுதான்."

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை நாள் வாங்கி வாங்கிச் சாப்பிட்ட நல்லாயிருக்கு! "ஞாயித்துக்கிழமை நீங்க என் பக்கத்துல கூடத்துலதான் உக்காரணும். உப்பு நான் போடறேன். கூடினாலும் குறைஞ்சாலும் அது என்னோடது" என்றாள். அவன் குழந்தை மாதிரித் தலையாட்டினான்.

ஞாயிறன்று பருப்பும் குழம்பும் பொரியலும் செய்தாள். கல் உப்பைக் கையில் எடுத்து, சாமி பேரைச் சத்தமாகச் சொல்லி, ஒவ்வொரு சட்டியிலும் போட்டாள். குட்டியின் பை வாசலில் தயாராக நின்றது. பால்கனிக் கதவை உள்ளே தாழ் போட்டாள். மூன்று பேரும் கூடத்தில் ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். அவன் கை மடியில் துடித்துக்கொண்டேயிருந்தது. அவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. பிரஷ் சத்தமும் இல்லை.

கால் மணி கழித்துத் திறந்தாள், பரிமாறினாள். அவன் ஒரு கவளம் வாயில் வைத்தான். கை தட்டிலேயே நின்றது. செத்துப் போன நாக்கு எதையோ கண்டுபிடித்த மாதிரி முகம் மாறியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அவ கை," என்றான். "நான் தொடறதுக்கு முன்னாடி இப்படித்தான் இருக்கும்."

குட்டி அள்ளி வாயில் போட்டாள். மெல்லுகிறதை நிறுத்தி அப்பாவைப் பார்த்தாள். அந்தக் கடைசி வருஷத்தில் அம்மாவின் கையிலிருந்து நேராக வந்தது எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு இன்றுதான் தெரிகிறது. தலையைக் குனிந்துகொண்டு விடாமல் சாப்பிட்டாள். தட்டு காலியானதும் நீட்டினாள்.

தையல்காரி தன் தட்டிலிருந்து ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தாள். குழம்பு, கூடவே பருப்பு, பொரியல். எதிலும் உப்பு இல்லை. பச்சைத் தண்ணீரில் வெந்த மாதிரி இருந்தது. எழுந்து சமையலறைக்குப் போனாள். பால்கனிக் கதவின் தாழ் போட்டபடியே இருந்தது. ஜாடியில் அவள் அள்ளிய பள்ளம் அப்படியே இருந்தது. வலக்கை ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். ஊசி குத்திக் காய்த்துப்போன அந்த விரல் இன்னும் கரித்தது.

முதுகுக்குப் பின்னால் குளிர்ந்தது. இந்தத் தடவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது, நன்றாகவே பயமாக இருந்தது.

பெரியம்மா வந்தபோது குட்டி வாசலிலிருந்த பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

"எங்கடி போற? கிளம்பலையா?"

"நான் வரல பெரியம்மா. இங்கயே இருக்கேன்."

பெரியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வந்ததற்குக் கையலம்பிவிட்டு உட்கார்ந்தாள். தையல்காரி பரிமாறினாள். ஒரு வாய் வைத்ததும் பெரியம்மா முகத்தைச் சுளித்தாள்.

"என்ன இது, உப்புச் சப்பு இல்லாம! என் தங்கச்சி ருசி பாக்காமலே எவ்வளவு கரெக்டாப் போடுவா தெரியுமா? நீ உப்பு போட மறந்துட்டியா?"

கணவன் தலையைத் தூக்கவில்லை. குட்டி அறை வாசலில் பையோடு அப்படியே நின்றாள். தையல்காரி புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள். "நான்தான் மறந்துட்டேன்."