வாய் மூடாத ரொட்டிகள்

மூன்றாவது ரொட்டியும் கல்லில் வெடித்தது. ஓரம் பிளந்து, மஞ்சள் மசால் வெளியே பிதுங்கி, எண்ணெயில் விழுந்து கருகியது.

"என்னடி இது, கல்லுல போட்டதும் வாயைப் பொளக்குது?" என்றார் உலைக்காரர்.

வார்ப்படப் பட்டறையில் பாதி ஆயுசு இரும்பை உருக்கி ஊற்றியவர். ஒரு நாள் உருகிய இரும்பு தெறித்துப் பாதம் வெந்துபோனது. இனி உலைப் பக்கம் வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். வேலை போனதே தவிர பட்டப்பெயர் போகவில்லை. இப்போது வீட்டில் மனைவி ரொட்டி உருட்டுவாள், இவர் கல்லடியில் நிற்பார். மதியச் சங்கு ஊதும்போது அதே பட்டறை வாசலில் ரொட்டி டப்பாவோடு போய் நிற்பார். தீயைப் பற்றித் தனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொள்வார்.

அவள் தரையில் பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து மண்டையிடி. நெற்றியில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். மாவு உருண்டையைக் கிண்ணம் மாதிரி குழித்து, உருளைக்கிழங்கும் பட்டாணியும் கேரட்டும் காரமாக வதக்கிப் பிசைந்த மசாலை உள்ளே வைப்பாள். வலது கை ஓரத்தை மடிப்பு மடிப்பாகக் கொண்டுவரும். இடது கை அடியில் உருண்டையைச் சுழற்றிக்கொடுக்கும். இடது கட்டைவிரல் மசாலை உள்ளே அமுக்கிக்கொண்டே இருக்கும். உச்சியில் ஒரு திருகு. அவ்வளவுதான், மூடின இடமே தெரியாது. பேசிக்கொண்டே செய்வாள், தும்மிக்கொண்டே செய்வாள்.

"இந்தக் கை என்னமோ சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுங்க" என்றாள்.

"இந்த வீட்ல என் பேச்சை யாரு கேக்குறா? கை மட்டும் கேக்கணுமாக்கும்!"

அவள் சிரித்தாள். அவர் ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். சிரிப்புச் சத்தம்தான் காதில் விழுந்தது. வாயின் எந்தப் பக்கம் சிரித்தது என்று பார்க்கவில்லை.

நான்காவதும் வெடித்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து யோசித்தார். பட்டறையில் அச்சு மண்ணில் ஈரம் தங்கினால் ஊற்றிய இரும்பு கொதித்து வெடிக்கும். ஆளைக் கொல்ல ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். அவர் காலை வேகவைத்ததும் அந்த ஒரு சொட்டுத்தான். அன்றிலிருந்து அவருக்கு வெடிப்பு என்றால் ஈரம். வேறு காரணம் இருக்க முடியாது.

"ஈரம்" என்றார். "பட்டாணியைத் தண்ணி வடியாம கொட்டியிருக்க."

"நல்லா வடிச்சேனே."

"வடிச்சிருந்தா எதுக்கு வெடிக்குது? எனக்கா ஈரம் தெரியாது?"

மசால் சட்டியைப் பிடுங்கி அடுப்பில் ஏற்றினார். கிளறினார். கடலை மாவை வறுத்துக் கொட்டி மறுபடி கிளறினார். மசால் உதிரி உதிரியாக, காய்ந்த மண் மாதிரி ஆனது. அதுவரை அவள் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப உருட்டு பாப்போம்."

உருட்டினாள். வெடித்தது. தீயைக் குறைத்தார், வெடித்தது. கல்லைத் துடைத்து வேறு எண்ணெய் விட்டார், வெடித்தது. எல்லாமே ஒரே பக்கம்தான் பிளந்தன. அதையும் பார்த்தார். அவருக்குக் கோபம்தான் வந்தது. சங்கு ஊத நேரமாகிக்கொண்டிருந்தது.

"மனசை எங்கயோ வச்சுக்கிட்டு மாவைத் தொட்டா இப்படித்தான். முடியலைன்னா சொல்லிடு, நானே உருட்டித் தொலைக்கிறேன்."

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது. கோபம் என்று எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது. உருட்டுக்கட்டை அவள் கையிலிருந்து நழுவித் தரையில் ஓடிச் சுவரில் முட்டி நின்றது. அவள் அது ஓடிய வழியைப் பார்த்தாளே தவிர எடுக்கவில்லை. இவர் எடுத்து வந்து பலகைமேல் டொக்கென்று வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் தான்தான் முதலில் பேச வேண்டிவரும்.

அடுப்பை அணைத்தார். பிளந்தது, கருகியது எல்லாவற்றையும் அடுக்கி டப்பாவை மூடினார். தினமும் வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்பார். இன்று செருப்பைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு இறங்கினார். அதுவே போதும் அவளுக்கு என்று நினைத்தார்.

பட்டறை வாசலில் கூட்டம் சூழ்ந்துகொண்டது.

"என்ன உலைக்காரரே, இன்னைக்கு ரொட்டியெல்லாம் கொட்டாவி விடுது?" என்றான் அச்சு போடுகிறவன்.

"ராத்திரி வீட்ல ஏதாவது வெடிச்சிருக்கும். அது ரொட்டி வரைக்கும் வந்திருக்கு" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஈரம்டா. பட்டாணியில ஈரம். எத்தனை சொன்னாலும் கேக்க மாட்டா" என்று இவரும் சிரித்தார்.

கூட்டிப் பெருக்குகிற அம்மா மட்டும் தன் ரொட்டியைக் கடிக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஈரமா? மசால் மண்ணாட்டம் காஞ்சு கெடக்கு" என்றாள். டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். "எல்லாம் ஒரே பக்கமாத் தொறந்திருக்கு பாருங்க. அக்காவுக்குக் கையில ஏதும் ஆச்சா?"

"கைக்கு என்ன? வேலை செய்ய மனசில்லை."

"எங்க வீட்டு மனுஷன் ஒரு நாள் சட்டைக்குப் பொத்தான் போடத் தெரியாம நின்னாரு. காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டியான்னு கேட்டு நான் சிரிச்சேன்."

மீதியை அவள் சொல்லவில்லை. அவள் புருஷன் கதையின் மீதி அங்கே எல்லோருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டிருந்தவன் வாயில் இருந்ததை மெல்லாமல் நிறுத்தினான்.

உலைக்காரர் டப்பாவை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். வெந்த கால் ஓடாது. டயர் கடையைத் தாண்டும்போது இழுத்து இழுத்து ஓடப் பார்த்தார். குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் வழி விட்டார்கள். "என்ன மாமா, பின்னால நாய் துரத்துதா?" என்று ஒருத்தி கேட்டாள். கை, கை என்று அவர் வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. தெரு முனையில் பழக்கமான ஆட்டோக்காரன் வண்டியை நிறுத்தினான். ஏறிக்கொண்டு, "வீட்டுக்கு" என்றார்.

அவள் இடது பக்கமாகச் சாய்ந்து மாவின்மேல் கிடந்தாள். கண் திறந்திருந்தது. மூச்சு குறட்டை மாதிரி வந்தது. வாயின் ஒரு பாதி கீழே இறங்கியிருந்தது. இப்போதுதான் முகத்தைப் பார்த்தார்.

"ஏய், இங்க பாரு. பட்டாணியில ஈரம் இல்ல. நீ நல்லாத்தான் வடிச்சிருக்க" என்றார். பிறகு வாசலில் நின்ற ஆட்டோக்காரனைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எப்ப ஆரம்பிச்சது?"

"இப்பத்தான்."

"இப்பன்னா? காலையில இவங்ககூட யாராவது இருந்தாங்களா?"

"நான்தான் இருந்தேன்."

டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மூளையில் ரத்தம் கசிந்து பரவிவிட்டது என்று பிறகு வந்து சொன்னார். வெயில் தாழ்வதற்குள் அவள் மூச்சு நின்றது.

பொழுது சாய்கையில் கூடத்தில் கட்டிலைப் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே நாற்காலிகள் வந்து இறங்கின. அடுத்த ஊர்த் தையல் ஆலையிலிருந்து மகள் வந்தாள். அழுதாள், கத்தினாள், ஓய்ந்தாள். பிறகு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் முழங்கால்மேல் கையை வைத்தாள்.

"கடைசியா என்னப்பா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. என் மேல கோபம். வாயே தொறக்கல."

"கோபமாவா?" அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகைக்கு நடுவே முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "அம்மாவுக்குக் கோபம் வந்தா தெருக்கோடி வரைக்கும் கேக்குமேப்பா. பேசாம இருந்த அம்மாவை நான் பாத்ததே இல்லையே."

"ஆமா, அந்த வாய்க்கு ஏது பூட்டு!" என்று சுவரோரம் இருந்த ஒருத்தி சொல்லி, சொன்னதும் அழுதாள்.

மகள் குற்றமாகச் சொல்லவில்லை. ஆசையாகத்தான் சொன்னாள். அவர் அவள் கையை மெதுவாக எடுத்து அவள் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

வாசலில் இருட்டுவதற்கு முன் விளக்குப் போட ஆள் வந்திருந்தான். ஏணி மேடுபள்ளமான தரையில் ஆடியது. உலைக்காரர் போய் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கய்யா, நீங்க போய் உள்ள உக்காருங்க. வேற யாராவது பிடிக்கட்டும்."

அவர் விடவில்லை. அவன் ஒயரை இழுத்துக் கட்டினான், பல்பை மாட்டினான், எரிகிறதா என்று ஒரு முறை போட்டுப் பார்த்தான், இறங்கினான். உள்ளே போய்த் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். திரும்பி வந்தபோதும் அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.