மணி ஒரு தடவை அடித்தால் போதும்

ஓர் ஆப் படுத்துவிட்டால் அதற்குக் காரணம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? விளம்பரம் பத்தவில்லை என்பான் ஒருவன், நேரம் சரியில்லை என்பான் இன்னொருவன், ஊர்க்கண் பட்டுவிட்டது என்று பெருமூச்சு விடுவாள் ஒரு சித்தி. ராக்கெட்டும் ரொம்ப நாள் இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தான். உண்மைக் காரணம் அவன் மூக்குக்கு நேரே உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்க அவனுக்கு எங்கே பொழுது இருந்தது?

ராக்கெட் என்பது பள்ளிக்கூடத்தில் விழுந்த பெயர். யார் எது சொன்னாலும் பாதியைக் கேட்டுவிட்டு மீதிக்குப் பறந்துவிடுவான். அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கொட்டாவி என்று பெயர். தூங்குமூஞ்சி எல்லாம் இல்லை. யோசிக்கும்போது அவனுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும், அவ்வளவுதான். இரண்டு பேரும் வளர்ந்து, வேலைக்குப் போய், காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அந்தப் பெயர்கள் போகவில்லை. கொட்டாவி ராக்கெட்டின் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். ராக்கெட்டின் அப்பாவை அவனும் அப்பா என்றுதான் கூப்பிடுவான்.

அந்த அப்பா ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் எழுதியதில் ஒரு புள்ளி குறைந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் வாய்க்குப் பூட்டு. அது அம்மா போட்ட சட்டம். வீட்டில் யார் எதைச் செய்தாலும் 'நல்லா இருக்கு' என்றுதான் சொல்ல வேண்டும். குறை சொன்னால் அடுத்த முறை செய்யக் கை வராது என்பாள் அம்மா. உப்பில்லாத குழம்பும் நல்லா இருந்தது, தங்கச்சி கோணல்மாணலாகத் தைத்த தலையணை உறையும் நல்லா இருந்தது. அம்மா போன பிறகும் அந்தச் சட்டம் அந்த வீட்டில் அப்படியே நின்றது.

அம்மா இருந்தவரை அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை ஒரு பிரச்சினையே இல்லை. காலையில் அடுக்களையிலிருந்து "ஏங்க" என்று ஒரு குரல் வரும். அவர் எழுந்து போய்ப் போட்டுக்கொள்வார். அந்தக் குரல் நின்ற பிறகு மாத்திரையும் மறந்து போனது. ஒரு நாள் குளியலறை வாசலில் தலைசுற்றி விழுந்தார். நல்லவேளை, பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு ஓடி வந்தார். இன்னொரு தடவை இப்படி விட்டால் மூளையில் போய் நிற்கும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் அந்த யோசனை பிறந்தது. அப்பாவைப் போல் எத்தனை அப்பாக்கள் இருப்பார்கள், மாத்திரையை ஞாபகப்படுத்த ஓர் ஆப் செய்யலாமே என்றான் ராக்கெட். கொட்டாவி வாயைத் திறந்து யோசித்துவிட்டுச் சரி என்றான். இரண்டு பேரும் வேலையை விட்டார்கள். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்தார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவரும் தண்ணீர்க் குழாயும்தான் தெரியும். ஆனாலும் அங்கே உட்கார்ந்து வேலை செய்த முதல் மாதங்களைப் போல் சந்தோஷமாக இருவரும் பிறகு இருந்ததில்லை.

கொட்டாவி முதலில் செய்து காட்டியது ரொம்பச் சின்ன சமாச்சாரம். நேரத்தைக் குறித்தால் அந்த நேரத்துக்கு மணி அடிக்கும், அவ்வளவுதான். ராக்கெட்டுக்கு அதைப் பார்த்துச் சப்பென்று ஆகிவிட்டது. இதற்குப் பெயர் ஆப்பா என்று கேட்டான். அங்கே பிடித்தது சனி. உள்ளே நுழையப் பதிவுப் பக்கம் வேண்டும் என்றான். பெயர், பிறந்த தேதி, எடை, ரத்த வகை எல்லாம் அதில் கேட்க வேண்டும். மாத்திரை போட்டு முடித்தால் கை தட்டும் சத்தம் வர வேண்டும். தினம் ஒரு பொன்மொழி, நடந்த தூரத்துக்குப் புள்ளிகள், சொந்தக்காரர்கள் வாழ்த்துச் சொல்ல ஒரு வட்டம். ஒன்றை முடிப்பதற்குள் அடுத்ததோடு வந்து நிற்பான். முன்னால் செய்ததில் ஓட்டை இருக்கிறது, அதை அடைத்துவிட்டு வருகிறேன் என்று கொட்டாவி கெஞ்சுவான். யார் கேட்டார்கள்?

பரீட்சித்துப் பார்த்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். குடும்பக் குழுவில் ஆப்பை அனுப்பி எப்படி இருக்கிறது என்று கேட்டான். சித்தி, அத்தை, தங்கச்சி, மாமியார், ஒன்றுவிட்ட அண்ணன்கள் எல்லோரும் ஒரே குரலில் நல்லா இருக்கு என்றார்கள். அஞ்சு நட்சத்திரம் குத்தித் தள்ளினார்கள். அதில் பாதிப் பேர் மாத்திரையே போடாதவர்கள். சித்தியின் போனில் ஆப் திறக்கவே இல்லை. அவளும் அஞ்சு நட்சத்திரம்தான் போட்டாள். அப்பாவும் நல்லா இருக்குப்பா என்றார். ராக்கெட்டுக்குக் கால் தரையில் படவில்லை.

வெளியாட்கள் வந்தபோது கதை வேறாக இருந்தது. இறக்கிக்கொண்ட கையோடு நீக்கிவிட்டுப் போனார்கள். கொட்டாவி அதைத் திரையில் காட்டினான். பதிவுப் பக்கத்திலேயே முக்கால்வாசிப் பேர் இறங்கிப் போய்விடுகிறார்கள் என்றான். மிச்சம் இருப்பவர்கள் கை தட்டலுக்குப் பயந்து போகிறார்கள், பழைய போனில் மணி சில நாள் அடிப்பதே இல்லை என்றான். ராக்கெட் அதற்குப் பதிலாகப் புது வண்ணங்களைக் காட்டினான்.

அன்று கொட்டாவி வழக்கத்துக்கு மாறாக விடவில்லை.

"வயசானவங்களுக்கு மணி ஒரு தடவை அடிச்சா போதும்டா. மத்ததெல்லாம் அவங்களைக் குழந்தை மாதிரி ஆக்குது."

"யார் சொன்னா உங்கிட்ட?"

"ஒருத்தர் சொன்னார். பக்கத்துல உக்காந்து அவர் எப்படி அழுத்துறார்னு பாத்தேன். கஷ்டப்பட்டுட்டார்டா."

யார் அந்த ஒருத்தர் என்று ராக்கெட் கேட்டிருக்கலாம். அவன்தான் பாதியிலேயே பறந்துவிட்டானே.

அடுத்த வாரம் ஆப்பின் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரத்தோடு ஒரு கருத்து வந்தது. போட்டவர் பெயர் 'ஒரு வாசகர்'. மாத்திரையை ஞாபகப்படுத்தச் சொன்னால் என் பிறந்த தேதியும் எடையும் ரத்த வகையும் கேட்கிறது, போட்டு முடித்தால் கை தட்டுகிறது, நான் குழந்தை இல்லை, மணி ஒரு தடவை அடித்தால் போதும் என்று எழுதியிருந்தது. பிழை ஒன்றுகூட இல்லாத தமிழ்.

ராக்கெட்டுக்கு ரத்தம் தலைக்கேறியது. எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே பதில் போட்டான். எங்கள் ஆப்பைப் புரிந்துகொள்ளும் அறிவு இல்லாதவர்கள் போய் ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதினான். அந்தப் பதிலைப் படித்த நாலு பேர் அதற்காகவே ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். அவர்களோடும் மல்லுக்கு நின்றான். அப்புறம்தான் அந்தச் சொற்கள் அவன் மண்டையில் உறைத்தன. மணி ஒரு தடவை அடித்தால் போதும். இதை அவன் யார் வாயிலிருந்து கேட்டான்?

கொட்டாவி அறைக்குள் வந்து பையைக்கூட இறக்கவில்லை.

"நீதானே போட்ட?"

"நான் போடலடா."

"அப்ப அந்த ஒருத்தர் யாரு? சொல்லு."

கொட்டாவியின் வாய் திறந்தது. மூடிக்கொண்டது. "சொல்ல முடியாதுடா. வாக்கு குடுத்திருக்கேன்."

அதற்கு மேல் ராக்கெட் பேசியதை இங்கே எழுதக் கூசுகிறது. முதுகில் குத்திவிட்டாய் என்றான், பொறாமை என்றான், எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு என்பது வரை போய்விட்டான். கொட்டாவி தன் கம்ப்யூட்டரை மூடினான், காபிக் கோப்பையைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டான். வாசலில் போய் நின்று திரும்பினான்.

"அந்தப் பதிலை மட்டும் எடுத்துடு. படிக்கிறவங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்."

தனக்காகத்தான் கேட்கிறான் என்று நினைத்தான் ராக்கெட். பதிலை எடுக்கவில்லை.

பிறகு நடந்தது எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஆப்பை எழுதியவன் போன பிறகு ஓட்டையை அடைக்க ஆள் இல்லை. போன்களுக்குப் புதுப் பதிப்பு வந்ததும் மணி அடிப்பது சுத்தமாக நின்றது. மணி அடிக்காத மருந்து ஆப்பை எவன் வைத்துக்கொள்வான்? ராக்கெட் அறையைக் காலி செய்துவிட்டுப் பழையபடி ஓர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தான்.

ஒரு வருஷம் கழித்து, மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தபோது, அப்பாவோடு தங்கலாம் என்று வந்தான். முதல் நாள் காலையில் இருவரும் பேப்பரைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் போன் ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. யார் என்று அவர் பார்க்கக்கூட இல்லை. எழுந்து போய் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"யாருப்பா அது?"

"உன் கூட்டாளிதான்," என்றார் அப்பா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "தினமும் ஒரு மிஸ்டு கால் குடுத்துருவான். மணி ஒரு தடவை அடிச்சா போதும்டா எனக்கு."

ராக்கெட்டின் கையிலிருந்த பேப்பர் அப்படியே தாழ்ந்தது. பிறகு கேட்டான், அந்த ஒற்றை நட்சத்திரம் நீங்களா என்று.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்லா இருக்கு என்று உன்னிடம் சொல்லிவிட்டேன், ஆனால் மனசு கேட்கவில்லை, பிழையைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது என்றார். கொட்டாவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது அவனிடம்தான் முதலில் சொன்னாராம். என் பெயரைச் சொல்லாதே, பையன் வருத்தப்படுவான் என்று கையடித்து வாக்கு வாங்கிக்கொண்டாராம். அப்படியும் ஆப் மாறவில்லை என்றதும் பெயரில்லாமல் எழுதிப் போட்டாராம்.

"நீ போட்ட பதிலையும் படிச்சேன்," என்றார். "போயி ஒரு கடிகாரம் வாங்கினேன். அதுல முள்ளு சின்னதா இருந்துச்சு. அப்புறம் அவன்தான் நான் அடிக்கிறேன்னான்."

அந்தக் கருத்தை வைத்துத்தான் இரண்டு பேரும் பிரிந்தார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியாது. ராக்கெட் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் முகம் சாம்பிப் போனது. என்னால் பிரிந்தீர்களா, என்னாலா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை, என்னால்தான் என்றான் ராக்கெட். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் காரணத்தைச் சரியாகச் சொன்னான்.

"நேர்ல போயி பாருடா. போன்ல பேசுற விஷயம் இல்ல இது. அவன் காலைல அடிக்கிறது எனக்காக, அதை அப்படியே விட்டுடு," என்றார் அப்பா.

அவனோ நேரில் போய்ப் பார் என்பதைக் கேட்டான். மீதியை எங்கே கேட்டான்? மறுநாள் விடிந்ததிலிருந்து அப்பாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தான். மன்னிப்பை மனசுக்குள் நூறு விதமாகச் சொல்லிப் பார்த்தான். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. அடித்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

"அப்பா? என்னாச்சுப்பா? நல்லா இருக்கீங்கல்ல?" கொட்டாவியின் குரல் பதறியது. இத்தனை நாளில் அந்தப் போனை யாரும் எடுத்ததே இல்லை.

"நான்தான்டா."

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு பாத்திரம் உருளும் ஓசை கேட்டது. ராக்கெட் கொட்டித் தீர்த்தான். அப்பா சொல்லிவிட்டார், எல்லாம் தெரிந்துவிட்டது, நான் பேசியது பெரிய தப்பு, மன்னித்துவிடு என்றான். நேரில் வருகிறேன் என்றான். விட்டால் புதிதாக ஓர் ஆப்கூடச் செய்யலாம் என்று சொல்லியிருப்பான்.

"பரவால்லடா. அதெல்லாம் முடிஞ்சு போச்சு," என்றான் கொட்டாவி. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. "வரவெல்லாம் வேணாம். நீ அங்கதான் இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்ப இனிமே நீயே சொல்லிடு அவர்ட்ட."

வைத்துவிட்டான்.

மறுநாள் காலை அப்பா பேப்பரோடு உட்கார்ந்தார். பக்கத்தில் மாத்திரையும் தண்ணீர் டம்ளரும். போன் மேசை மேல் கிடந்தது. நேரம் ஆனது, தாண்டியும் போனது. அடுத்த நாளும் அப்படியே. "அப்பா, மாத்திரை" என்றான் ராக்கெட், தன்னால் முடிந்தவரை மெதுவாக. அவர் மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டார். ஆனால் கண் போனை விட்டு நகரவில்லை. அப்போதுதான் ராக்கெட் தான் போனை எடுத்துப் பேசியதைச் சொன்னான்.

அந்த வீட்டுச் சட்டத்தை மீறி அவர் வாய் திறந்து மகனிடம் குறை சொன்னது அன்றைக்குத்தான்.

"அடிச்சு ஓயட்டும்னு விட்டிருக்கலாம்லடா."