கிரேவன் இறக்கத்து ஜல்லி

ஹார்லன் எங்கள் மாடல் ரயில் கிளப்புக்கு வராமல் ஐந்து மாதம் ஆகிவிட்டது. சர்ச்சின் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குக்கூட ஆளைக் காணோம். காரணம் நான்தான், வேறு யார்?

சர்ச்சின் அடித்தளத்தில் எங்கள் ஊர் ரயில் பாதையை எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் மாடலாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அதன் தண்டவாளத்தைச் சுற்றிக் கடையில் வாங்கிய சாம்பல் நிற ஜல்லியைக் கொட்டி ஒட்டியது நான். நிஜப் பாதையில் முப்பத்தோரு வருஷம் ரயில் ஓட்டியவர் ஹார்லன். குனிந்து பார்த்தார்.

"இது நம்ம லைனே இல்ல. நம்ம கல்லு ரோஸ் கலரு."

"வண்டிய ஓட்டாம கல்லத்தான் பாத்துட்டிருந்தியாக்கும்!" என்றேன். என் வாய்க்குப் பூட்டே கிடையாது.

அன்றைக்குப் போனவர்தான். மனைவி இறந்த பிறகு அந்த மனுஷனுக்கு இருந்தது கிளப் கூடும் இந்த வியாழக்கிழமைகள் மட்டும்தான் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. எப்படியாவது அவரைத் திரும்ப வரவழைக்க வேண்டும். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. கல் பொறுக்க வரும்.

பழைய பாதையைப் பிடுங்கிவிட்டு இப்போது அதில் சைக்கிள் விடுகிறார்கள். கிரேவன் இறக்கத்தின் ஓரத்தில் ஜல்லி இன்னும் கிடக்கிறது. அனுமதி கேட்டுக்கொண்டுதான் அள்ளினேன், இரண்டு வாளி, அடித்தூளோடு. சாக்கில் சுற்றிச் சுத்தியலால் நொறுக்கி, டீ வடிகட்டியில் சலித்தேன். நல்ல ரோஸ்! பழைய சாம்பல் நிற ஜல்லியைச் சுரண்டி எடுத்துவிட்டு இதைப் பரப்பிப் பசைத்தண்ணீர் விட்டதும், ஈரல் மாதிரி கறுத்துப்போனது. நல்லவேளை, காய்ந்ததும் நிறம் திரும்பியது.

போன் போட்டேன். "யோவ், வந்து பாரு. பிடிக்கலேன்னா திட்டிட்டுப் போ."

"திட்டத்தான் வர்றேன்."

வந்தார். மேஜையில் கன்னத்தை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். தன் குட்டி இன்ஜினைப் பையிலிருந்து எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தார். இரண்டு அடி போனது, கர்ரென்று கத்திவிட்டு நின்றது.

"போச்சு! உன் இன்ஜினையும் கெடுத்துட்டேன்!" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் நிதானமாக அதைக் கழற்றினார். மோட்டாரின் காந்தத்தில் கறுப்பாக இரும்புத்தூள் அப்பியிருந்தது. பாதையோரக் கல்லில் காந்தம் காட்டி இரும்பை எடுக்காமல் யாராவது போடுவார்களா? அவசரத்தில் அதை மறந்து தொலைத்திருக்கிறேன்.

"எங்க அள்ளின?"

"கிரேவன் இறக்கத்துல."

தூளை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"ஏம்மா லவோன், அந்த இறக்கத்துல தினம் பிரேக் போட்டது யாருன்னு நெனைக்கிற? இது என் சக்கரத்துலேர்ந்து தேஞ்ச இரும்பு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. ஒரு துண்டுக் காகிதத்தில் அந்தத் தூளைத் தட்டி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நின்னுட்டு என்ன பாக்குற? போய் ஒரு காந்தம் எடுத்துட்டு வா," என்று கோட்டைக் கழற்றினார். "ஒழுங்கா மறுபடி செய்யலாம்."