சாந்துக் கோடு நிற்காத சுவர்

முதல் நாள் போட்ட வெள்ளைக் கோடு மறுநாள் காலையில் மங்கிப்போனால் யாரைத் திட்டுவது? நான் முதலில் பள்ளத்தை அடைக்கிற பூச்சு மாவான புட்டியைத் திட்டினேன். பிறகு அதை விற்ற கடைக்காரரை. அதற்கும் மசியாததால் வானிலையைத் திட்டினேன்.

பெரிய கட்டடங்களை மேசைமேல் வைக்கிற அளவுக்கு மாதிரிகளாகச் செய்து கொடுப்பது என் தொழில். செங்கல் கட்டடம் என்றால் கட்டட வரைபட அலுவலகங்கள் என்னைத்தான் கூப்பிடும். செங்கல்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பூசாத சுவருக்கு முகம் கொடுப்பது செங்கல்லுக்கு நடுவே ஓடும் சாந்துக் கோடுதான். அது தெரியாவிட்டால் சுவர் வெறும் சிவப்பு அட்டை, அளவுக்கு மீறித் தெரிந்தால் கட்டம் போட்ட சட்டை.

என் முறை எளிது. கோடு கீறிய அட்டைக்குச் செங்கல் நிறம் அடித்துக் காயவைப்பேன். புட்டியில் துளி சாம்பல் நிறம் சேர்த்து, தோசை மாவைவிடத் தண்ணீராகக் கரைத்து மேலே தடவுவேன். பார்க்கிறவர்கள் சுவரே பாழாகிவிட்டது என்பார்கள். அரைகுறையாகக் காய்ந்ததும் ஈரத்துணியை விரலில் இறுக்கிச் சுற்றிக் குறுக்காகத் துடைத்தால், மேலே உள்ளது போய்ப் பள்ளத்தில் இருப்பது நிற்கும். கோட்டின் போக்கிலேயே துடைத்தால் துணி உள்ளே புகுந்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு வந்துவிடும். இது எனக்குத் தூக்கத்திலும் வரும்.

அப்படிப்பட்ட எனக்குத்தான் இப்போது செய்கிற நூலக மாதிரி தண்ணி காட்டியது. இதைச் செய்யச் சொன்ன வரைபட அலுவலகத்து அம்மா, நான் கொடுத்த முந்தைய மாதிரியைப் பார்த்துவிட்டு, கோடு ரொம்பத் தூக்கலாக இருக்கிறது, சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருந்தார். இதுவும் அப்படி வந்தால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு வேறு வேலை தெரியாது. இந்த வயதில் கற்றுக்கொள்கிற பொறுமையும் இல்லை. என்னைக் கேட்டால் அந்த மாதிரியில் கோடு போதவே இல்லை. அந்த அம்மாவுக்குக் கண்ணில் கோளாறு என்று வீட்டுக்கு வந்து கத்தினேன்.

வீட்டில் கேட்க ஆள் இருந்தது மாமியார் மட்டும். மனைவி காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். மாமியார் போன வருடம் கண் ஆபரேஷன் செய்துகொண்டு எங்களோடு தங்கியவர். அன்றிலிருந்து இல்லாத தூசியெல்லாம் அவருக்குத் தெரிந்தது. என் மேசையையும் துடைத்து வைத்துவிடுவாரோ என்று பயந்து, அந்தப் பக்கம் வர வேண்டாம் என்று மனைவி மூலம் சொல்லி வைத்தேன். என்னிடம் அவர் எதையும் மறுத்துப் பேசியதில்லை. "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். அன்றும் அதையேதான் சொன்னார்.

நூலகத்தின் முன்சுவருக்குப் புட்டியைக் கெட்டியாகவே தடவினேன். மாலையில் சுமாராகத் தெரிந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் மொட்டைச் சிவப்பு. நீர்த்த பெயின்டைத் தூரிகை நுனியில் தொட்டுப் பள்ளத்தில் ஓடவிட்டேன். அதுவும் மறுநாள் போன இடம் தெரியவில்லை. கடைசியில் வெள்ளைப் பென்சிலால் ஒவ்வொரு கோட்டையும் இழுத்தேன். விளக்கை மாற்றினேன், மின்விசிறியை அணைத்தேன். சிவப்பு வெள்ளையைக் குடிக்கிறதா? எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்லாதானே இருக்கு என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். பார்க்காமலே சொல்கிறாள் என்று அவள்மேலும் எரிந்து விழுந்தேன்.

மறுநாள் மாதிரியைக் கொடுத்தாக வேண்டும். முன்சுவரில் இன்னொரு பூச்சு போட்டுவிட்டுப் புதுப் புட்டி வாங்கக் கிளம்பினேன். தெருமுனைவரை போனதும், பழைய டப்பாவைக் காட்டிச் சண்டை போட்டால்தான் கடைக்காரர் வழிக்கு வருவார் என்று தோன்றவே திரும்பினேன்.

என் நாற்காலியில் மாமியார் உட்கார்ந்திருந்தார். மடியில் நூலகத்தின் முன்சுவர். விரலில் ஈரத்துணியை இறுக்கிச் சுற்றியிருந்தார். குறுக்காகத் துடைத்துக்கொண்டிருந்தார், என்னைப் போலவே.

"அத்தை, என்ன பண்றீங்க?"

அவர் எழுந்திருக்கவில்லை. கடைசி வரிசையையும் துடைத்து முடித்தார்.

"ரொம்ப அதிகமா இருக்கு மாப்பிள்ளை. அதான் கொஞ்சம் எடுத்து விடுறேன்."

"அதிகமா? கோடே தெரியலையே!"

அவர் சுவரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"கோடு நல்லாத் தெரியுது. உங்களுக்குத்தான் தெரியல."

பிடுங்காத குறையாகச் சுவரை வாங்கினேன். எனக்கு முழுக்கச் சிவப்பாகத்தான் இருந்தது. நகத்தால் ஒரு பள்ளத்தைத் தடவினேன். நகம் இறங்கவில்லை. அடுத்ததிலும் இறங்கவில்லை. எல்லாப் பள்ளமும் வழவழவென்று நிறைந்திருந்தது. நகத்தை நம்புவதா கண்ணை நம்புவதா என்று தெரியாமல் நின்றேன்.

முந்தைய மாதிரியிலேயே கோடு தூக்கலாக இருந்ததை அவர் பார்த்துவிட்டாராம். மாப்பிள்ளையிடம் போய் எப்படிச் சொல்வது என்று வாய் வரவில்லையாம். அதனால் நான் குளிக்கப் போகிற நேரத்தில் வந்து, அதிகமாக இருந்ததைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் மறுபடி போட, அவர் மறுபடி துடைக்க, இப்படியே போயிருக்கிறது. அலுவலக அம்மாவை நான் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து காது சுட்டது.

"எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நூல் கோத்த ஊசியிலயே மறுபடி நூல் கோப்பேன்" என்றார். "நாளைக்குக் கொடுத்துட்டு டாக்டர்கிட்ட போயிடுங்க. பொண்ணுகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே சொல்லுங்க."

கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன்.

பக்கச் சுவர்கள் இன்னும் தொடாமல் கிடந்தன. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். புட்டியைத் தடவி, காயவிட்டு, துணியைச் சுற்றிக்கொண்டு துடைத்தேன். வெள்ளை குறையத் தொடங்கியதும் நிறுத்தினேன்.

"போதுமா அத்தை?"

"இன்னும் துடைங்க."

துடைத்தேன். இருந்த கொஞ்ச வெள்ளையும் போய்க்கொண்டிருந்தது.

"இப்போ?"

"மேல் வரிசையில கொஞ்சம். ஆங், போதும்."

என் கண்ணுக்கு அதில் ஒரு கோடுகூட இல்லை. கை தானாகப் புட்டிக் கிண்ணத்தின் பக்கம் போனது. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அடுத்த சுவரை எடுத்தேன்.