தங்கைக்கு ஒரு சந்தேகம்

மாவு மில்லின் பின்சுவருக்கும் கோழிக் கூடைகளுக்கும் நடுவே ஒரே ஒரு ஆள் நிற்கத்தான் இடம் இருந்தது. அதற்குள் உடம்பைக் குறுக்கி நின்றபடி, லெசோத் துணியின் முனையால் வாயைப் பாதி மூடிக்கொண்டு, அபோண்டி போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். "லைன்லயே இருங்கம்மா, அடுத்து நீங்கதான்" என்று வானொலி நிலையத்துப் பெண் சொன்னதிலிருந்து அவள் மூச்சைக்கூட எண்ணி எண்ணித்தான் விட்டாள். போனில் சார்ஜ் அடிமட்டத்தில் இருந்தது. வியாழன் மதியம் நர்ஸ் பெனினா ரேடியோவில் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நேரத்தில் அந்த ஏரிக்கரைச் சந்தையில் பாதி வியாபாரம் நின்றுபோகும். தக்காளிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவள் பேரத்தை மறந்துவிட்டு, ஊரில் யாருக்கோ இருக்கும் மூலத்தைப் பற்றிக் காது கொடுத்துக் கேட்பாள். அபோண்டியும் இத்தனை வருஷமாகக் கேட்டவள்தான். பேசுவது இதுதான் முதல் தடவை.

"யாரும்மா பேசுறது? எங்கேருந்து?"

"மெர்சி. கிசுமு டவுன்லேருந்து பேசுறேன் சிஸ்டர்."

"சொல்லுங்க மெர்சி. என்ன பிரச்சன?"

"எனக்கு இல்ல சிஸ்டர், என் தங்கச்சிக்கு. அவளுக்கு நாப்பத்தி மூணு வயசு. ரெண்டு மாசமா குளிக்கல. முந்தாநாள்லேருந்து லேசா கற மட்டும் படுது. நின்னுபோற வயசுன்னு சிலபேர் சொல்றாங்க. உள்ள ரத்தம் அடச்சிருக்கு, வேர்த் தண்ணி குடிச்சா எறங்கிடும்னு வேர்க்காரி சொல்றா. ஒருவேள..." அந்த 'ஒருவேளை'க்குப் பிறகு வரவேண்டிய சொல்லை அவள் விட்டுவிட்டாள். பத்து வருஷமாக அவள் யாரிடமும் சொல்லாத சொல் அது.

"ஒருவேள வயித்துல பிள்ளையான்னு கேக்குறீங்க. வலி ஏதாவது இருக்கா?"

"வலது பக்கம், அடிவயித்துல. விட்டு விட்டு வலிக்குது. காலையிலேருந்து கொஞ்சம் ஜாஸ்தி."

"அந்த வேர்த் தண்ணிய உங்க தங்கச்சி குடிச்சிட்டாளா?"

"இன்னும் இல்ல. பாட்டில் கையில இருக்கு."

"நல்லவேள. மெர்சி, இப்ப நான் சொல்றத ரொம்ப கவனமாக் கேளுங்க. உங்க தங்கச்சி..."

போன் செத்துப்போனது.

அபோண்டி அதைத் தட்டினாள், பொத்தானை அழுத்தினாள், நெஞ்சில் வைத்துச் சூடுகாட்டினாள். அது கண் திறக்கவில்லை. உங்க தங்கச்சி என்ன? குடிக்கலாமா, கூடாதா? பிள்ளையா, வயசா? அவளுக்கு அழுகையும் வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கலாம் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? அங்கே ரத்தம் எடுக்கிறவள் அவள் கணவன் ஓவிடியின் தம்பி மனைவி. மருந்துக்கடையில் பரிசோதனைக் குச்சி விற்கிறவன் அவளோடு சபையில் பாடுகிறவன். நின்றுபோகிற வயசுதான் என்று தெரிந்தால் ஓவிடியின் வீட்டார் அன்று மாலையே இரண்டாம் மனைவிக்குப் பெண் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளையில்லாத இந்தப் பத்து வருஷமும் அவர்களைத் தடுத்து நிறுத்தியவன் ஓவிடி. இன்னும் எத்தனை நாள் தடுப்பான் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் பிள்ளை என்றால்? அந்த நினைப்பு வந்ததுமே முகம் தானாக மலர்ந்துவிடுகிறது, அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்றும் தெரியவில்லை.

ஒன்றும் நடக்காதது போல லெசோவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு தன் ஒமேனாக் கருவாட்டுக் கடைக்குத் திரும்பினாள். கூடை தூக்கித் தூக்கி வலது தோள் காலையிலிருந்து குத்திக்கொண்டிருந்தது. அதைத் தேய்த்துவிட்டபடியே வந்தவள், தன் கடை முன்னாலேயே ஒரு கூட்டம் நிற்பதைப் பார்த்துத் தயங்கினாள். செருப்புத் தைக்கிற ஒக்வேனோவின் ரேடியோவைச் சுற்றித்தான் கூட்டம். கூட்டத்தின் நடுவில், பழந்துணி விற்கும் ஃபெல்கோனா இரண்டு கையையும் வீசிப் பேசிக்கொண்டிருந்தாள். ஃபெல்கோனாவின் காதில் விழுந்த சேதி, ஓவிடி இருக்கும் படகுத்துறைக்குப் போய்ச்சேர அரை மணி நேரம்கூட ஆகாது.

"அக்கா, எங்க போய்த் தொலஞ்ச? பெரிய கூத்த விட்டுட்டியே," என்றாள் ஃபெல்கோனா. "மெர்சின்னு ஒருத்தி ரேடியோவுல பேசினா. கிசுமுவாம் கிசுமு! நம்ம பாஸ்டர் மைக்குல 'பாவிகளே, மனந்திரும்புங்க'ன்னு கத்துறாரில்ல, அது இங்க ஒரு தடவ கேக்குது, ரேடியோக்குள்ளேருந்து இன்னொரு தடவ கேக்குது. அவ இங்கதான் எங்கயோ நிக்கிறா."

மில்லின் முன்பக்கம் நின்று பாஸ்டர் இன்னும் பாவிகளை அதட்டிக்கொண்டுதான் இருந்தார். அவர் சத்தம் அந்த நிமிஷம்வரை அபோண்டியின் காதில் விழவே இல்லை.

"தங்கச்சிக்காம்," என்றான் ஒக்வேனோ, ஊசியில் நூல் கோத்தபடி. "ரேடியோவுக்குப் போன் பண்றவ எல்லாருக்கும் ஒரு தங்கச்சி இருக்கா. எந்தத் தங்கச்சியும் தானா போன் பண்ண மாட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். அபோண்டியும் சிரித்தாள், கொஞ்சம் கூடுதலாகவே. பிறகு கருவாட்டுக் குவியலைக் கையால் கூம்பாகச் சேர்த்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: "அப்புறம் நர்ஸ் என்னதான் சொன்னாங்களாம்?"

அவ்வளவுதான், சந்தை இரண்டுபட்டது.

"உப்பக் கொறைக்கணும்னு சொன்னாங்க," என்றாள் எதிர்க்கடைத் தக்காளிக்காரி டோர்சிலா. அவளுக்கு மூன்று வருஷமாக ரத்த அழுத்தம். நர்ஸ் யாருக்கு என்ன சொன்னாலும் டோர்சிலாவுக்கு உப்பு என்றுதான் கேட்கும்.

"உப்பா? உப்பப் பத்திப் பேச்சே வரல. புருஷனையும் சேத்துக் கூட்டிட்டு வரணும்னாங்க," என்றான் ஒக்வேனோ. பெண்சாதி அம்மா வீட்டுக்குப் போய் மாசக்கணக்காகிறது, அவன் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்.

"வேர்த் தண்ணி நல்லதுதான், அளவு தெரிஞ்சு குடிக்கணும்னு சொன்னாங்க," என்று மூலையிலிருந்து வேர்க்காரி குரல் கொடுத்தாள்.

"நீ இங்க இல்லவே இல்ல, தண்ணி எடுக்கப் போயிருந்த," என்று நாலு பேர் ஒரே நேரத்தில் அவளை அமுக்கினார்கள்.

அபோண்டிக்குத் தலை கிறுகிறுத்தது. இவ்வளவு வாய் இருக்கிறது, ஒரு வாயிலாவது விஷயம் வரக்கூடாதா? கருவாட்டுக் கூடைக்குள் செருகியிருந்த பாட்டிலில் வேர்த் தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் அசைந்தது. எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டால் இந்தத் தவிப்பாவது தீரும். அடிவயிற்றில் வலி இப்போது விட்டு விட்டு வரவில்லை. வந்தது அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

"ஒருத்தருக்கும் ஒரு எழவும் தெரியல," என்றாள் ஃபெல்கோனா. "நான் சொல்றேன், கேட்டுக்க அக்கா." அவள் நர்ஸ் பெனினாவைப் போலவே மூக்கால் கொஞ்சம் இழுத்துப் பேச ஆரம்பித்தாள். ஊரார் பேச்சை ஒரு சொல் சிந்தாமல் ஏந்தி, இன்னொரு வீட்டில் அப்படியே கொண்டுபோய் ஊற்றுவது ஃபெல்கோனாவின் பல வருஷப் பழக்கம். "'உங்க தங்கச்சி கர்ப்பமா இருக்கலாம் மெர்சி.'"

அபோண்டியின் கை குவியலுக்குள் அப்படியே புதைந்து நின்றது. கர்ப்பம். சந்தை நடுவில், பட்டப்பகலில், நாலு பேர் கேட்க, அந்தச் சொல் அவளைப் பற்றிச் சொல்லப்பட்டுவிட்டது. எழுந்து ஆடவேண்டும் போல இருந்தது. படகுத்துறைக்கு ஓடி, இரவெல்லாம் மீன் பிடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும் ஓவிடியின் காலைப் பிடித்து இழுத்து எழுப்ப வேண்டும் போல இருந்தது.

"'ஆனா ஒரு பக்கம் மட்டும் வலிக்குதுன்னா, பிள்ள தங்கவேண்டிய எடத்துல தங்காம வழியில, குழாயிலயே தங்கியிருக்கலாம். அது வெடிச்சா ரத்தம் வயித்துக்குள்ளயே கொட்டும், வெளிய தெரியாது. வேர்த் தண்ணி, மாத்திர எதையும் வாயில வெக்கக் கூடாது. தல சுத்துச்சுன்னா, காரணமே இல்லாம தோள்பட்ட முனையில வலிச்சுதுன்னா, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. நடக்கவும் விடாதீங்க. ஆபரேஷன் பண்ற ஆஸ்பத்திரிக்கு நேராக் கூட்டிட்டுப் போங்க.'"

"தோள்பட்டையா?" என்றாள் அபோண்டி.

"ஆமா, தோள்பட்ட. எனக்கும் அதான் புரியல. வயித்துல நோவுன்னா தோள்ல எதுக்கு வலிக்கணும்?"

தோளைப் பற்றி அபோண்டி ரேடியோவில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஓவிடியிடம் சொல்லவில்லை, வேர்க்காரியிடம் சொல்லவில்லை. கூடை வலி என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, அவள் முகத்தைப் பார்க்காத ஒருத்தி, அவள் தோளில் விரல் வைத்து அழுத்தியது போல இருந்தது. இவ்வளவு நேரமும் குடிக்கலாமா, கேட்கலாமா, மறைக்கலாமா என்று அலைந்த மனம் சட்டென்று ஒரே பக்கமாகத் திரும்பியது. வெட்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"ஃபெல்கோனா, அந்த மெர்சி நான்தான். எனக்குத் தோள் வலிக்குது."

ஒக்வேனோ கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தான். "நான் அப்பவே நெனச்சேன்," என்றாள் டோர்சிலா, சத்தியமாக நினைத்திருக்கவில்லை. அபோண்டி எழப்போனபோது ஃபெல்கோனா பாய்ந்து வந்து இரண்டு தோளையும் பிடித்து உட்கார வைத்தாள்.

"எந்திரிக்காத. நடக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல. நீ கேட்டியா, இல்லியா?"

அப்புறம் நடந்ததெல்லாம் அபோண்டிக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். ஐஸ் ஏற்றி வந்த மீன் பிக்கப்பின் முன்னால் போய் டோர்சிலா குறுக்கே நின்றுகொண்டாள். ஓட்டுநர் திட்டினான், டோர்சிலா அதைவிடப் பெரிதாகத் திட்டினாள், ஐஸ் பெட்டிகள் நடுரோட்டில் இறங்கின. ஃபெல்கோனா தன் கடையின் மூட்டையையே அவிழ்த்து, விற்காத குளிர்கோட்டுகள் எல்லாவற்றையும் வண்டியின் பின்தட்டில் பரப்பினாள். நாலு பேர் அபோண்டியை லெசோவோடு தூக்கினார்கள். பாஸ்டர் பாவிகளை விட்டுவிட்டு, "வண்டிக்கு வழி விடுங்க, தக்காளிய நகத்துங்க" என்று மைக்கில் முழங்கினார், எல்லோரும் உடனே கேட்டார்கள். ஒக்வேனோ ஒரு செருப்புக்காலோடு ஓவிடியை எழுப்பப் படகுத்துறைக்கு ஓடினான். யாரோ வேர்க்காரியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். தனக்காக இத்தனை பேர் ஓடுவதைப் படுத்தபடி பார்க்க அபோண்டிக்கு வலியையும் மீறிச் சிரிப்பு வந்தது.

வண்டி தார்ச்சாலையைப் பிடித்ததும் காற்று அடித்தது. பின்தட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். அபோண்டியின் தலை ஃபெல்கோனாவின் மடியில் இருந்தது. குளிர்கோட்டுகளில் யாரோ முன்பின் தெரியாதவர்களின் சோப்பு வாசனை, அதன் மேல் மீன் வாசனை. அபோண்டியின் முகம் வெளுத்து, நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. ஆனால் கண் மட்டும் விடியற்காலையில் மீனால் வலை கனக்கிறதைப் பார்த்தவளுடையது போல இருந்தது.

"ஃபெல்கோனா."

"பேசாம படு அக்கா. இன்னும் கொஞ்ச தூரந்தான்."

"அப்ப நெசமாவே பிள்ளதான் இல்ல? வயசு இல்ல, ரத்தம் அடைக்கல. பிள்ளதான்."

"ஆமா அக்கா. பிள்ளதான்."

"எடம் மாறித்தானே தங்கியிருக்கு. ஆஸ்பத்திரில எடுத்துச் சரியான எடத்துல வெச்சிடுவாங்கள்ல? பிள்ளையப் பத்தி நர்ஸ் என்ன சொன்னாங்க? ஒரு வார்த்த விடாமச் சொல்லு."

ஃபெல்கோனா அவளுடைய நெற்றி வியர்வையைத் தன் லெசோ முனையால் ஒற்றினாள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. முன்னால் ஓட்டுநர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான், ஆடுகள் சிதறி ஓடின.

"அது எனக்குக் கேக்கல அக்கா," என்றாள், ஊரார் பேச்சில் ஒரு சொல் சிந்தாத ஃபெல்கோனா. "அதுக்குள்ள விளம்பரம் போட்டுட்டாங்க."

அபோண்டி அவள் முகத்தைப் பார்த்தபடியே இருந்தாள். ஃபெல்கோனா ஒரு குளிர்கோட்டை உருவி எடுத்து அவள்மேல் போர்த்தி, கழுத்துவரை பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள். சின்னக் குழந்தை போடும் கோட்டு அது. ஒரு பொத்தான்கூட அவள் உடம்பைச் சுற்றி எட்டவில்லை, ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.